மோட்டார் மெக்கானிக் சான்றிதழ்: போட்ட காசும் காலமும் எத்தனை வருஷத்தில் திரும்பும்?

தெற்குவாசல்

பத்தாவது முடித்த பையன், வயது 16, ஊர் மதுரை. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. வண்டி வேலையில் ஆசை. வீட்டில் மூன்று வழி பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று, அரசு ஐ.டி.ஐ-யில் இரண்டு வருஷ மெக்கானிக் மோட்டார் வெஹிகிள். இரண்டு, தனியார் பயிற்சி மையத்தில் ஒரு வருஷ "ஆட்டோமொபைல் டிப்ளமோ", கட்டணம் 90,000. மூன்று, தெரிந்த பட்டறையில் இப்போதே ஹெல்ப்பர், மாதம் 8,000.

"நல்ல படிப்பு", "நல்ல எதிர்காலம்" என்ற பதில் நிறையக் கேட்டாயிற்று. செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு, எங்கே ஏமாறுவோம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குநோட்டு

ஃபீஸை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அரசு ஐ.டி.ஐ இலவசம் என்று தோன்றும். பையன் சம்பாதிக்காமல் இருக்கும் மாதங்களையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் சொன்ன 8,000-ஐயே எடுத்துக்கொள்கிறேன்.

அரசு ஐ.டி.ஐ: 24 மாதம் × 8,000 = 1,92,000 கைவிட்ட சம்பளம். வரவுப் பக்கம் மாத உதவித்தொகை 750, அதாவது 24 மாதத்துக்கு 18,000. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000, அது 24,000. (பெண் பிள்ளையாக இருந்தால் புதுமைப் பெண், அதே தொகை.) மொத்தம் 42,000. பயிற்சிக் கட்டணம் இல்லை, பஸ் பாஸ் உண்டு. நிகரமாகக் கைவிட்டது 1,50,000.

அடுத்த ஒரு வருஷம் அப்ரண்டிஸ். 2019-இல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000. நிறுவனம் கூடக் கொடுக்கலாம், குறைக்க முடியாது. அதே நேரம் பட்டறைக்குப் போன பையன் மூன்றாம் வருஷத்தில் 12,000 வாங்குகிறான் என்று வைத்தால், இன்னும் 60,000 பின்தங்கல்.

ஆக மூன்று வருஷ முடிவில் 2,10,000. அதன்பின் சான்றிதழால் மாதம் 5,000 கூடக் கிடைத்தால் 42 மாதத்தில் திரும்பும். 3,000 தான் கூட என்றால் 70 மாதம். கூடுதலே இல்லையென்றால் திரும்பவே திரும்பாது.

தனியார் மையம்: 90,000 கட்டணம், 12 மாதச் சம்பளம் 96,000, ஆக 1,86,000. ஐ.டி.ஐ-யின் இரண்டு வருஷத்தைவிட அதிகம்.

பட்டறைக்காரர்

கணக்கு சரிதான் அண்ணே. ஆனா அந்த "5,000 கூட" எங்க கிடைக்குதுங்கறதுதான் கேள்வி. ஷெட்டுல வேலை கேட்டு வர்ற பையன்கிட்ட யாரும் பேப்பர் கேக்கிறதில்ல. கிளட்ச் பிளேட் இறக்கி ஏத்தச் சொல்வோம், கை பேசும். மூணு வருஷம் நல்ல மேஸ்திரிகிட்ட இருந்தவன் ஐ.டி.ஐ பையனைவிட வேகமா கியர் பாக்ஸ் இறக்குவான். தெருவோரப் பட்டறையில சான்றிதழுக்குன்னு தனியா சம்பளம் கிடையாது. இதை மனசுல வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, பதினாறு வயசுப் பையனுக்கு மொத ஆறு மாசம் பார்ட்ஸ் கழுவுற வேலையும் பஞ்சரும்தான். 8,000 எல்லா இடத்துலயும் கொடுக்க மாட்டாங்க.

பயிற்றுநர்

பட்டறைக்காரர் சொல்வது உண்மை. பட்டறைக்குள் இந்தத் தாளுக்கு மதிப்புக் குறைவு. சில வாசல்களில் இது இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். எந்த வாசல்கள் என்று சொல்கிறேன்.

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு ஏற்கும் ஐ.டி.ஐ பிரிவுகளில் மெக்கானிக் மோட்டார் வெஹிகிளும் மெக்கானிக் டீசலும் உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின் நிலை 2, தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900, படிகள் தனி. போட்டி மிகக் கடுமை, ஆனால் விண்ணப்பிக்கவே சான்றிதழ் வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் அப்ரண்டிஸ் இடங்களும் இதே வழியில் வருபவை.

பாலிடெக்னிக்: பத்தாவதும் இரண்டு வருஷ ஐ.டி.ஐ-யும் இருந்தால் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் பணிக்கு ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ அடிப்படைத் தகுதி, ஐ.டி.ஐ மட்டும் போதாது. அந்த ஆசை இருந்தால் வழி இப்படித்தான் போகும். இதனால்தான் ஒரு வருஷ டீசல் மெக்கானிக்கைவிட இரண்டு வருஷப் பிரிவைச் சொல்கிறேன். உடனே வேலைக்குப் போயாக வேண்டிய குடும்பம் என்றால் டீசல் தப்பில்லை.

தொழில் கடன்: தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் ஐ.டி.ஐ தகுதியாகச் செல்லும், 25 சதவீத மானியம். ஆனால் திட்ட மதிப்பு 10 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு ஸ்பேனரோடு தொடங்கும் கடைக்கு அது பொருந்தாது.

சேரும்போது மூன்று விஷயத்தைக் கையோடு பாருங்கள்.

நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கும் இருக்க வேண்டும். ஃபிட்டருக்கு அங்கீகாரம் வாங்கிவிட்டு மோட்டார் மெக்கானிக் வகுப்பையும் சேர்த்து நடத்தும் இடங்களில் மாட்டிக்கொண்டால், முடிவில் கையில் கிடைப்பது அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ்தான்.

பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாவது மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். சேர்க்கையின்போது இணையத்தில் ஏறுவதுதான் சான்றிதழில் அச்சாகும். "எஸ். முத்து" ஒன்றிலும் "முத்து எஸ்" இன்னொன்றிலும் இருந்து, சான்றிதழ் சரிபார்ப்பில் தடுமாறுகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. பின்னால் திருத்துவது பல மாத வேலை.

வருகை 80 சதவீதம். அதற்குக் கீழே போனால் தேர்வெழுத விடமாட்டார்கள். பகலில் பட்டறைக்குப் போய்க்கொண்டே ஐ.டி.ஐ-யும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். ஒரு வருஷம் வீணானால் கணக்குநோட்டு போட்ட கணக்கில் இன்னும் 96,000 ஏறும்.

தெற்குவாசல்

மிக்க நன்றி. தனியார் மையத்தில் "எங்களுடையதும் மத்திய அரசுச் சான்றிதழ்தான்" என்கிறார்கள். ஆட்டோமோட்டிவ் திறன் மேம்பாட்டுக் கவுன்சில் பெயர் போட்ட மாதிரிச் சான்றிதழ் காட்டினார்கள். அது சமமாகாதா?

பயிற்றுநர்

அந்தக் கவுன்சில் உண்மையானது, குறுகிய காலப் பயிற்சிக்கு அவர்கள் தரும் சான்றும் உண்மையானது. சர்வீஸ் சென்டரில் வேலை கேட்கும்போது காட்டலாம். ஆனால் வேலை அறிவிப்பில் "என்.சி.வி.டி அல்லது எஸ்.சி.வி.டி ஐ.டி.ஐ" (தேசிய அல்லது மாநிலத் தொழிற்பயிற்சிக் குழுவின் ஐ.டி.ஐ சான்றிதழ்) என்று எழுதியிருந்தால் இது செல்லாது. பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் செல்லாது. இதே மாதிரிப் பயிற்சியைப் பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தில் கட்டணமில்லாமல் நடத்துகிறார்கள். 90,000 கட்டும் முன் அதை விசாரியுங்கள்.

அந்த மையத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "படிப்பு முடிந்ததும் தேசியத் தொழிற்சான்றிதழ் வருமா, எந்தப் பிரிவில்?" எழுத்தில் வாங்குங்கள். "அதற்குச் சமம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

பட்டறையில் ஏற்கெனவே இருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால்: அனுபவத்தை வைத்துத் தனித்தேர்வராக, ஐ.டி.ஐ மாணவர்கள் எழுதும் அதே அகில இந்தியத் தொழிற்தேர்வை எழுத வழி உண்டு, பொதுவாக மூன்று வருஷ அனுபவம் கேட்பார்கள். அறிவிப்பு நாளிதழில் வரும். அருகில் உள்ள அரசு ஐ.டி.ஐ-யில் கேட்டாலும் சொல்வார்கள்.

மல்டிமீட்டர்

சம்பள வித்தியாசம் எங்கே பிறக்கிறது என்று பட்டறைக்காரர் அண்ணன் கேட்டார். கழற்றி மாட்டும் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. கோளாறைக் கண்டுபிடிப்பவனுக்குத்தான் கூடுதல் காசு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் சின்ன பைக்கிலும் இன்ஜெக்ஷன், சென்சார், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. கார்புரேட்டர் காலத்துக் காது மட்டும் போதாது.

சாதாரணமான ஒன்று: செல்ஃப் மந்தம். பழக்கத்தில் பேட்டரியை மாற்றுகிறார்கள். பத்து நாளில் அதே குறையோடு வண்டி வாசலில் நிற்கும். அளந்து பார்த்தால் இப்படி:

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது, முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுச் சோதியுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சந்தேகம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. மூன்றும் சரியாக இருந்தும் மந்தம் என்றால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5-ஐத் தாண்டினால் கேபிள் லக்கில் துரு அல்லது தளர்வு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் முடிந்தது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம். தேவையில்லாத பேட்டரிக்கு வாடிக்கையாளர் கொடுப்பது ஆயிரக்கணக்கில்.

காமன் ரெயில் டீசலில் இன்ஜெக்டர் மாற்றும் வேலை இன்னொன்று. பல வண்டிகளில் இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கேனர் வழியாக இ.சி.யு-வில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் ஐடிலில் நடுக்கம், எஞ்சினில் தட்டும் சத்தம், புகை. "புது இன்ஜெக்டர் டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்கள். பொருளில் குறை இருக்காது, பதியாததுதான் குறை.

பி.எஸ்.6 டீசல் காரில் புகைக்கரி வடிகட்டி. ஊருக்குள் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ரீஜெனரேஷன், அதாவது சேர்ந்த கரியை வண்டியே எரித்துச் சுத்தம் செய்வது, பாதியில் நின்றுவிடும். அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும், ஆயில் நீர்க்கும், பேரிங் தேயும். "ஆயில் குறையவே இல்லை, நல்ல எஞ்சின்" என்று விட்டுவிட்டால் பெரிய செலவு வைக்கும். ஆயில் மாற்றும்போது அந்த வண்டிக்குச் சொன்ன சாம்பல் குறைந்த வகையையே ஊற்ற வேண்டும், பெரும்பாலும் சி2 அல்லது சி3 என்று டப்பாவில் இருக்கும். லாரிக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். கரி எரிந்து போகும், சாம்பல் எரியாது.

இவற்றில் மீட்டர், ஸ்கேனர் அடிப்படை எல்லாம் ஐ.டி.ஐ பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனத்திலும் ஓடும் பி.எஸ்.6 எஞ்சின் இருப்பதில்லை. சேரும் முன் பணிமனைக்குள் போய், எஞ்சின் ஓடுகிறதா, ஸ்கேனர் பெட்டியிலிருந்து வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பட்டறைக்காரர்

இதை ஒத்துக்கறேன். மீட்டர் பிடிக்கத் தெரிஞ்ச பையனுக்கு நாங்களே தேடிக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்கறோம். கிடைக்கிறதில்லைங்கறதுதான் நிலைமை.

திரும்பி வர்ற வேலையோட நஷ்டத்தையும் கணக்குல சேருங்க. ஹெட் கேஸ்கட் வேலையில கோணக் கணக்குல இறுக்கற போல்ட் நீண்டு கொடுக்கற வகை. பழையதையே திரும்பப் போட்டா இறுக்கம் நிக்காது, கொஞ்ச நாள்ல கூலன்ட் கசியும். மறுபடி இறக்கினா ஆறு மணி நேரம் லேபர் இல்ல, கேஸ்கட் நம்ம காசு, கூலன்ட் நம்ம காசு. ஒரு செட் போல்ட்டுல மிச்சம் பிடிக்கப் போயி ரெண்டு நாள் வருமானம் போயிடும். முறையாப் படிச்ச பையன் மேனுவல் பார்த்து டார்க் (எவ்வளவு இறுக்கணுங்கற அளவு) போடுவான். அங்கதான் படிப்புக்கு மரியாதை.

ஜாப்கார்டு

சர்வீஸ் சென்டர் சம்பளத்தை வெளிச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது கையில் வருவதை மட்டும் பார்க்காதீர்கள்.

மாதம் 15,000, முழுத் தொகைக்கும் பி.எஃப் என்று வைப்போம். பி.எஃப் 12 சதவீதம் 1,800, இ.எஸ்.ஐ 0.75 சதவீதம் 113. கைக்கு 13,087. "வெளியே முழுசா 15,000 தருகிறார்களே" என்று பையன்கள் ஆறாவது மாதமே கிளம்பிவிடுகிறார்கள். நிறுவனம் தன் பங்காகப் போடும் 1,800-இல் 1,250 ஓய்வூதியத்துக்கு, 550 பி.எஃப் கணக்குக்கு. ஆக பையன் கணக்கில் மாதம் 2,350, வருஷம் 28,200 சேர்கிறது, வட்டி தனி. இ.எஸ்.ஐ-க்கு நிறுவனம் போடுவது 3.25 சதவீதம். கை நசுங்குவதும் கண்ணில் தூசி விழுவதும் சாதாரணமான இந்தத் தொழிலில் குடும்பத்துக்கே மருத்துவம் என்பது பெரிய விஷயம். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இது உண்டு.

இன்சென்டிவ் பற்றி: பெரும்பாலான இடங்களில் மாதம் இத்தனை ரூபாய் லேபர் பில் என்று இலக்கு வைத்து, அதற்கு மேல் போனதில் பங்கு தருவார்கள். வண்டி அதே குறையோடு திரும்பினால் கழிப்பார்கள். நேர்முகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: இலக்கு எவ்வளவு, அது தனி ஆளுக்கா குழுவுக்கா, ஸ்பேர் வராமல் வேலை செய்யும் இடத்தில் நிற்கும் வண்டியின் நேரம் யார் கணக்கில் போகும். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் இன்சென்டிவை நம்பிக் குடும்பக் கணக்குப் போட வேண்டாம்.

ஈரோடு_கியர்

மின்வண்டி வந்துகொண்டிருக்கும்போது இரண்டு வருஷம் எஞ்சின் படிப்பது வீண் இல்லையா?

மல்டிமீட்டர்

இன்று ஓடும் பெட்ரோல், டீசல் வண்டிகள் இன்னும் பல வருஷம் பட்டறைக்கு வரும். மின்வண்டிக்கென்றே இரண்டு வருஷத் தனிப் பிரிவும் ஐ.டி.ஐ-யில் வந்திருக்கிறது, அருகில் இருந்தால் பார்க்கலாம். பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ஏ.சி எல்லாம் இரண்டுக்கும் பொது.

ஒரு எச்சரிக்கை மட்டும். மின்காரில் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் ஓடுவது சாதாரணமாக 300 வோல்ட்டுக்கு மேல். மின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்த உடனே கை வைக்கக் கூடாது. கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க மேனுவலில் சொன்ன நிமிஷங்கள் காத்திருந்து, 1000 வோல்ட் கேட் 3 (CAT III) பாதுகாப்புத் தரம் உள்ள மீட்டரில் பூஜ்யம் என்று உறுதி செய்தபின்தான் தொட வேண்டும். ரப்பர் கையுறையை ஒவ்வொரு முறையும் காற்றடைத்து, சுருட்டி அழுத்தி, ஓட்டை இல்லையென்று பார்த்துப் போட வேண்டும். இதைப் பட்டறையில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ள வழியே இல்லை, இங்கே பயிற்சி கட்டாயம்.

வளைகுடா_வழி

வெளிநாட்டுக் கணக்கு சுருக்கமாக. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி, ஆக 35,400. அதற்கு மேல் கேட்டால் விதிமீறல். முகவரின் பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் அறிவிப்பு வரும். சவுதியின் திறன் சரிபார்ப்புத் திட்டத்தில் முதலில் சேர்த்த தொழில்களில் ஆட்டோ எலெக்ட்ரீஷியனும் ஒன்று, தேர்வு எழுதித்தான் போக வேண்டும். பிரிவுச் சான்றிதழோடு ஓட்டுநர் உரிமமும் இருந்தால் பேரம் பேச இடம் கிடைக்கும். ஐ.டி.ஐ முடித்த கையோடு போவதைவிட இரண்டு மூன்று வருஷ அனுபவத்தோடு போனால் ஹெல்ப்பர் விசாவில் தள்ளமாட்டார்கள்.

கணக்குநோட்டு

சொந்தக் கடைக் கணக்கு யாரும் போடவில்லை. இரு சக்கர வண்டிக் கடை என்று வைத்து, எண்களை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு 4 வண்டி, லேபர் சராசரி 400, மாதம் 25 நாள்: 40,000. வாடகை 8,000, கரண்ட் 2,000, ஹெல்ப்பர் 10,000, வேஸ்ட் துணி, கிரீஸ், கிளீனர் 2,000. செலவு 22,000, மிச்சம் 18,000. கம்ப்ரசர், ஹைட்ராலிக் ராம்ப், ஸ்கேனர், கைக்கருவிகள் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் போட்டு ஐந்து வருஷத்தில் கழித்தால் மாதம் 2,500. நிகரம் 15,500. ஸ்பேரில் கிடைக்கும் பங்கு அதன்மேல்.

இப்போது நாளைக்கு 3 வண்டிதான் என்று மாற்றுங்கள். லேபர் 30,000, நிகரம் 5,500. வாடகையும் ஹெல்ப்பரும் குறையமாட்டார்கள். ஒரு வண்டி குறைந்ததில் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதனால் கடை போடும் முன், பெயர் சொல்லித் தேடி வரும் வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். படித்து முடித்த வருஷமே கடன் வாங்கிக் கடை திறப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

தெற்குவாசல்

அரசு ஐ.டி.ஐ, இரண்டு வருஷப் பிரிவு என்று முடிவுக்கு வந்துவிட்டோம். விண்ணப்பம் இன்று போடுகிறோம். கடைசியாக ஒன்று: கருவிகள் இப்போதே வாங்கித் தர வேண்டுமா? 25,000 ரூபாய் செட் ஒன்று கடையில் காட்டுகிறார்கள்.

பட்டறைக்காரர்

வேண்டாம் தம்பி. பயிற்சிக்கு வேண்டிய கருவி அங்கேயே இருக்கும். மொத வருஷம் ஒரு நல்ல டிஜிட்டல் மீட்டர், இடைவெளி அளக்கற ஒரு ஃபீலர் கேஜ், பாதுகாப்பு ஷூ போதும். மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில ஒயர் சொருகின மாதிரியே விட்டுட்டுப் பேட்டரி வோல்ட் பார்க்கக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க, நேரா ஷார்ட் ஆகும்.

அப்ரண்டிஸ் சேரும்போது 8 முதல் 24 வரை ரிங் ஸ்பேனர், அரை இஞ்ச் டிரைவ் பாக்ஸ் செட். பாக்ஸ் வாங்கும்போது 6 முனை கேட்டு வாங்கணும். 12 முனை துருப்பிடிச்ச போல்ட்டுல வழுக்கித் தலையை உருட்டிடும், அப்புறம் வெல்டிங் வச்சுத்தான் எடுக்கணும். டார்க் ரெஞ்ச் அதுக்கு அடுத்த வருஷம். அதை இறுக்க மட்டும்தான் பயன்படுத்தணும், கழற்றக் கூடாது. வேலை முடிஞ்சதும் அளவைக் கீழ் எல்லைக்கு இறக்கி வச்சாத்தான் ஸ்பிரிங் கெடாம இருக்கும்.